விருத்தாம்பாள் பண்ணிய போணி

கடலூர்
3.2.2025

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே நாக்கு கூசுகிறது. சுருக்குமடி வலை போடலாமா கூடாதா என்று நடந்த சண்டைக்குப் பிறகு, பக்கத்துக் குப்பமான உங்கள் ஊரோடு பேச்சும் கூடாது, கொடுக்கல் வாங்கலும் கூடாது என்று எங்கள் ஊரில் கட்டுப்பாடு. போனைக்கூட வாங்கிப் பார்க்கிறார்கள். எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஆரோக்கியம்மாள் கொண்டுவந்து தருவாள்.

தங்கராசு மாமாவின் கை எப்படி இருக்கிறது? அடித்தது என் கொழுந்தன் ராஜவேல்தான். இப்போது ஜெயிலில் இருக்கிறான். அந்த வீட்டில் சோறு தின்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது.

நாம் இருவரும் கடன் வாங்கிச் சிதம்பரத்தில் ஆரம்பித்த கருவாட்டுக் கடை பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் இல்லாமல் திறக்க மனசு வரவில்லை. வருவீர்களா அக்கா?

உங்கள் தங்கச்சி,
பவானி

கடலூர்
9.2.2025

பவானிக்கு,

மாமாவுக்கு வலை இழுக்கிற கை முறிந்துவிட்டது. இனி கடலுக்குப் போவாரா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. உங்கள் ஆட்கள் படகுகளைக் கொளுத்தியதால் இங்கே பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மிச்சமிருக்கும் கருவாட்டோடு எங்கள் ஊர்ப் பெண்களும் நானும் சிதம்பரம் மார்க்கெட்டில் தரையில் உட்காருகிறோம். கலவரம் நடந்த ஊர் என்று வாங்க ஆளில்லை.

கடையை நீயே வைத்துக்கொள். இனி எழுதாதே.

தமிழ்ச்செல்வி

சிதம்பரம்
22.2.2025

பவானி,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன், சிரிக்காதே. இன்று கண்டதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

விடிந்ததும் உங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டமாக மார்க்கெட்டுக்குள் வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று எழுந்து நின்றோம். முன்னால் வந்தது உன் மாமியார் விருத்தாம்பாள். கை முறிந்த என் புருஷன் கொடுத்த கேசில் மகனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய். நேரே என் கூடைக்கு முன்னால் நின்றார்.

"போணி ஆச்சா?"

"இன்னும் ஆவல."

"நெத்திலி குடு. நான் பண்றேன்."

முதல் வியாபாரத்துக்கு வந்த கையைத் தட்டினால் லட்சுமியையே தட்டின மாதிரி. என் கை தானாக நீண்டது. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தால், எங்களில் ஒவ்வொருத்திக்கும் உங்களில் ஒருத்தி போணி பண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டுவிட்டு எங்களிடம் கருவாடு வாங்க வந்திருக்கிறார்கள்! அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். நடராசரை எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன், இப்படி மேல் சிலிர்த்ததில்லை.

நீ ஏன் வரவில்லை?

செல்வி

கடலூர்
24.2.2025

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்ற பிறகு எந்த முகத்தோடு வருவேன்? அத்தை எனக்கும் சொல்லாமல்தான் போனார்.

நேற்று அத்தையை ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தி அபராதம் போட்டார்கள். "கட்டறேன். நாளைக்கும்தான் போவேன், அதுக்கும் சேத்துப் போடுங்க" என்றார் அத்தை. அவர் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலைவரின் மனைவியும் எழுந்தார். இந்த அத்தையோடா நான் தினமும் குழாயடியில் மல்லுக்கு நிற்கிறேன்! பிரமித்துப்போய்விட்டேன் அக்கா.

அந்த நெத்திலியோடு சாப்பிடும்போது மாமனார், "எந்த ஊரு சரக்கு?" என்று கேட்டார். அத்தை உங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு போடு" என்றார்.

நாளை மறுநாள் உங்களுக்குப் போணி பண்ண நான் வரலாமா?

பவானி

கடலூர்
25.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

போணி பண்ண நீ வராதே. சொந்த வியாபாரத்துக்கு யாராவது போணி பண்ணுவார்களா? முதல் பஸ்ஸில் வந்துவிடு, கடையைத் திறப்போம்.

அக்கா