காக்கியோடு போன கூட்டம்

அன்புள்ள ஐரினுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

ஜாமீன் கிடைத்தும் பொறுப்பேற்க ஆளில்லாமல் சிறையில் கிடப்பவர்களுக்காகக் கோட்டூர்புரத்தில் கூட்டம் போட்டோம். உன் புத்திசாலிக் கணவன் வாட்ச்மேன் காக்கியோடு போய் நின்றான். போலீஸ் என்று பாதிக் கூட்டம் ஓடிவிட்டது.

சந்தேகக் கேஸில் மூன்று மாதமாக அப்படிக் கிடக்கும் சேட்டுவின் மனைவி ஜானகி மட்டும், "இன்னா நைனா, யாரப் புடிக்க வந்துகீற?" என்றாள்.

"உன் வீட்டுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்தேம்மா."

அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜாமீனுக்குக் காட்ட ரேஷன் கார்டை அனுப்பு. சேட்டு வாய்தாவுக்கு வராவிட்டால் என்னைத்தான் தேடுவார்கள், வருவான், பயப்படாதே. என் கட்டம் போட்ட சட்டையும் வேண்டும். காக்கியில் போனால் ஜட்ஜும் ஓடிவிடுவார். சட்டையை நீயே மடித்து வை, நம் மகள் ரெனிட்டாவிடம் விடாதே, கசக்கிவிடுவாள்.

கேட்டில் ஹார்ன் அடிக்கிறார்கள்.

கிளிஃபர்ட்