சனிக்கிழமை பத்து மணிக்குள் ஒரு புல்வெளி

அன்பு மகளுக்கு அப்பாவும் அம்மாவும் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், கப்பலில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் என்ஜின்களும் அதே போல் இருக்க வேண்டும். இதுவரை அப்பா சொன்னது. அவருக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல உன் தங்கையாகிய நான் எழுதுகிறேன். பயப்படாதே அக்கா, வெறும் சுளுக்குதான், விரல்கள் எல்லாம் அசைகின்றன. “கையெழுத்துதான் உன்னோடது வாயாடி வக்கீலம்மா, விஷயம் என்னோடது, மாத்திடாதே” என்று அப்பா எச்சரித்திருக்கிறார். ஆனால் இரண்டு வரி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுகிறார், ஆகவே நடுவில் இருப்பதை நானே நிரப்புகிறேன், முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டிவிடுவேன்.

அப்பா தோட்ட வேலை பார்க்கும் சிகிச்சை இல்லம் உனக்குத் தெரியும், பக்கவாதம் வந்தவர்களுக்கு அங்கே நடைப் பயிற்சி கொடுப்பார்கள். நடுவிலுள்ள புல்வெளியில் அவர்களை வெறுங்காலோடு நடக்க விடுவார்கள். புல் வெட்டும் மெஷின் படுத்துவிட்டதால் போன மாதம் முழுக்கப் புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து ஊன்றுகோல்கள் சிக்க ஆரம்பித்தன. கடைக்காரரிடம் உதிரிப் பாகம் கேட்டதற்கு, “இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லைங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் கும்பிடுங்க” என்றாராம். திங்கட்கிழமை மேனேஜர் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, “சனிக்கிழமை பத்து மணிக்கு டைரக்டர் வர்றார். அதுக்குள்ள புல்லு ஒழுங்கா இல்லேன்னா மொத்தத்தையும் சிமெண்ட் கல்லு போட்டு மூடிடுவோம்” என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டல் இல்லை அக்கா, கல் வந்து வாசல் கேட் பக்கத்தில் இறங்கியும் விட்டது. இதில் அதிகமாகக் கலங்கியவர் கண்டக்டர். முப்பது வருடம் பஸ்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சேர்ந்த புதிதில் தாழ்வாரத்துத் தரையில் ஒரு முறை விழுந்தாராம், அன்றிலிருந்து கெட்டியான தரையைப் பார்த்தாலே அவருடைய இடது கால் நகர மறுக்கிறது, புல்லில் மட்டும்தான் துணிந்து எட்டு வைக்கிறார். “புல்லுல விழுந்தா எழுந்துக்குவேன்யா. கல்லைப் போட்டுட்டா எனக்கு இந்தச் சக்கர நாற்காலிதான் கதி” என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அதைச் சாப்பிடும்போது எங்களிடம் சொல்லிவிட்டு, குழம்பு ஊற்றிக்கொள்ளாமலே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் உதவிக்குப் போக, இல்லத்து ஷெட்டில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, பழைய பெட்ரோல் பிசினாகி உள்ளே அடைத்திருந்தது. அதன் பிறகு அப்பா ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து அவர் பின்னால் போய் விழுந்தார், மணிக்கட்டு சுளுக்கியது அப்போதுதான். அம்மா பதறி ஓடி வந்து, அடி பெரிதில்லை என்று தெரிந்த பிறகு, “மெஷின் ஸ்டார்ட் ஆச்சோ இல்லையோ, நீங்க நல்லா ஸ்டார்ட் ஆயிட்டீங்க” என்றாள். துணி காயப்போடும் நைலான் கயிற்றில் இரண்டு முழம் வெட்டி, பிடிக்கு ஓர் உடைந்த மரக்கரண்டியின் காம்பைக் கட்டினோம், இப்போது மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொள்கிறது. முன் சக்கரம் ஒன்று பிளந்திருந்தது, அதற்குப் பதில் ஒதுக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியின் சின்னச் சக்கரத்தை மாட்டினோம். அது கொஞ்சம் பெரியது, மெஷின் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பிறகு நான் அடிஸ்கேலால் அளந்து பார்த்து இரண்டு பக்கமும் அதையே போடலாம் என்றேன், சரியாகிவிட்டது. புல் விழும் பை கிழிந்திருந்ததால் அம்மா பழைய குடைத்துணியில் ஒன்று தைத்தாள். தையல் அத்தனை நேர்த்தி, ஆனால் காற்று வெளியே போக வழியில்லாமல் பை பலூன் மாதிரி உப்பிப் பட்டென்று கழன்று அம்மாவின் மேலேயே விழுந்தது. தலையெல்லாம் புல்லோடு நின்றுகொண்டு, “யாராவது சிரிச்சீங்க, ராத்திரி சமையல் கிடையாது” என்றாள். பிறகு கொசுவலைத் துணியில் தைத்தாள், அதுதான் நிலைத்தது.

இனி வருவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்பா விடக்கூடாது என்கிறார். வெள்ளிக்கிழமை மாலை பெட்ரோலை வடித்து, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, மெஷினைச் சக்கரங்கள் வானத்தைப் பார்க்கும்படி கவிழ்த்தோம். அப்பா இடது கையால் அரம் பிடித்து பிளேடைத் தீட்டினார், அதைத் திரும்ப மாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. ஷெட்டில் கிடைத்த விளக்கப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்து முக்கியமானதைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். படத்தில் பிளேடின் இரண்டு நுனிகளும் மேல்நோக்கி வளைந்திருந்தன, நானும் மேல்நோக்கியே வைத்து நட்டை முடுக்கினேன். நிமிர்த்தி ஓட்டினால் சத்தம் பிரமாதமாக வந்தது, ஆனால் புல் வெட்டுப்படவில்லை. எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலை மாதிரி படிந்து கிடந்தது, அவ்வளவுதான். புல் ஈரம் என்றார் அப்பா, என்ஜின் வேகம் போதவில்லை என்றேன் நான். இருட்டும் வரை ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, “காலையில மேனேஜர் அம்மாகிட்ட முடியலேன்னு சொல்லிடறேன்” என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் கடைசி முறையாகப் பார்த்துவிடலாம் என்று மெஷினை மறுபடி கவிழ்த்துப் புத்தகத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். கண்டக்டர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எனக்கு எதிரே நிறுத்தினார். அவருக்குப் புத்தகம் தலைகீழாகத் தெரிந்தது. “ஏம்மா, இந்தப் படத்துல சக்கரம் மேல இருக்கு, பிளேடு நுனி கீழ பாக்குது. உன் மெஷின்லயும் சக்கரம் மேலதான் இருக்கு, நுனி மட்டும் ஏன் மேல பாக்குது?” என்று கேட்டார். அக்கா, எனக்குக் காது சூடாகிவிட்டது. நிமிர்ந்து நிற்கும் மெஷினின் படத்தைப் பார்த்து, கவிழ்ந்து கிடக்கும் மெஷினில் மாட்டியிருக்கிறேன்! நுனிகள் என்ஜினைப் பார்க்க வேண்டும், நான் தரையைப் பார்க்க வைத்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. “புத்தகமும் சரி, மெஷினும் சரி, நீயும் நானும்தான் தலைகீழா நின்னிருக்கோம்” என்று சொல்லி ஸ்பானரை நீட்டினார். நட்டை முடுக்கிய பிறகு தானும் குனிந்து பார்க்காமல் விட்டதை மறக்காமல் எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

மணி எட்டே கால். அப்பாவுக்கு ஒரு கைதான் உதவும் என்பதால் கைப்பிடியின் வலது பக்கத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். “இழுக்காதீங்க”, “நீ தள்ளாதே”, “அப்ப யாருதான் தள்றது” என்று என்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பை நிறைய நிறையக் கொட்டிவிட்டு வந்தேன். டைரக்டர் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார், அப்போது மதில் ஓரத்தில் ஒரு பட்டை இன்னும் வெட்டாமல் இருந்தது. அவர் புல்லில் கால் வைக்கப் போனபோது கண்டக்டர் நாற்காலியிலிருந்தே, “சார், செருப்பை விட்டுட்டு ஏறுங்க” என்று அதட்டினார். மேனேஜர் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டைரக்டர் செருப்பைக் கழற்றி ஒரு சுற்று நடந்தார், மெஷினைச் சுற்றியும் ஒரு முறை நடந்தார், கரண்டிக் காம்பைத் தொட்டுப் பார்த்து, “இது எந்த ஊர் மாடல்?” என்று கேட்டார். அம்மா, “எங்க வீட்டு மாடல்” என்றாள். அவர் சிரித்துவிட்டு மேனேஜர் அம்மாவிடம், “கல்லைத் திருப்பி அனுப்பிடுங்க” என்றார்.

இன்று காலை லாரி வந்து கல்லை ஏற்றியது. பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் கேட்டருகே நின்று பார்த்தேன். டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாமல் லாரி மதிலில் இடிக்கப் பார்த்தது. புல்வெளியில் நின்ற கண்டக்டர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வா வா வா... லெஃப்ட்டு ஒடி... இன்னும் கொஞ்சம்... போலாம், ரைட்!” என்று இரண்டு கைகளையும் தட்டி லாரியை வெளியே அனுப்பி வைத்தார். அவ்வளவு நேரமும் எதையும் பிடிக்காமல் நின்றிருந்தது அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தார், நானும் மூச்சு விடவில்லை.

என்ஜின் அறைக்குப் போகும்போது கூந்தலை இறுக்கி முடிந்துகொள்ளச் சொல்கிறாள் அம்மா, நேரத்துக்குச் சாப்பிடவும் சொல்கிறாள். எதைக் கழற்றினாலும் மாட்டிய பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டு, அதில் கௌரவக் குறைச்சல் இல்லை என்கிறார் அப்பா. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் மறக்காமல் இரண்டு வரி போடு. கடலிலும் கரையிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அப்பா, அம்மா
(எழுதிப் படித்துக் காட்டியது: தங்கை. அப்பா ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை.)