வெல்டிங் மிஷினில் சித்தப்பாவின் பங்கு

வல்லம் வடகால்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள ஸ்ரீதர் சித்தப்பாவுக்கு,

ஐஸ்வர்யா எழுதுகிறேன். போனில் பேசாமல் இவள் ஏன் ஜாம்நகருக்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல முடியாத விஷயம் இது. அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். சமையலறை விளக்கில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் தாளை அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டு மாற்றிவிட்டார்கள். எனக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பட்டறை ஷெட்டில் தண்ணீர் நிற்பதால் அப்பா பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்கிறார்.

தாத்தா உங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போன வெல்டிங் மிஷினைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா என்று இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன்.

வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அப்பா சொல்லும் காரணங்கள் பொய் இல்லை. உள்ளே முழுக்கக் காப்பர் வைண்டிங். தடித்த ராடு போட்டு நாள் முழுக்க ஓட்டினாலும் திணறாது. புதிதாக வரும் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினில் போர்டு போய்விட்டால் நாமே சரி செய்ய முடியாது. கரண்டு ஏறி இறங்கினால் போர்டு போய்விடும். இங்கே கரண்டு ஏறி இறங்காத நாள் கிடையாது. "அது ஒரு மிஷினா? டிபன் பாக்ஸுக்கு வயர் வச்ச மாதிரி கீது" என்று அப்பா சிரிப்பார்.

விற்கச் சொல்பவர் கான்ட்ராக்டர் சுப்பராயன். கம்பெனிக்குள் ஷெட் வேலைக்குக் கொண்டுபோனபோது கேட்டிலேயே சேஃப்டிக்காரர்கள் பழைய மிஷின் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அப்பாவுக்கு உள்ளே வேலை கிடையாது. கேட், கிரில், ஹாஸ்டல் பையன்களுக்கு இரும்புக் கட்டில் என்று வெளிவேலைதான். "இன்னா ரகுபதி, உன் மிஷின தூக்கறதுக்கே நாலு ஆளு வேணும். அதுங்களுக்கு டீ, வடை வேற நான் வாங்கித் தரணுமா?" என்று சுப்பராயன் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார்.

இது வரைக்கும் போனிலேயே சொல்லியிருப்பேன். இனி எழுதுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பதுதான் எப்போதும் வழக்கம். இந்த வருடம் ஷெட்டுக்குப் புதுக் கூரை போட்டதால், மிஷினும் பளபளப்பாக இருக்கட்டும் என்று அப்பா சோப்புத்தூள் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வெயிலில் காய வைத்தார். மேலே காய்ந்துவிட்டது. மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. அம்மா வேலைக்குப் போயிருந்தார். புதிதாக வேலை தொடங்கும் முன் வீட்டுப் பெண் மிஷினைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது தாத்தா காலத்து வழக்கம், உங்களுக்குத் தெரியும். அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு, "வா, தொட்டுக் கும்புடு" என்று கூப்பிட்டார். நான் கையை நீட்டினேன். மாலை நழுவியிருந்ததைப் பார்த்து, "இரு" என்று சொல்லிவிட்டு அப்பா அதைச் சரி செய்யப் போனார். அவர் கை மிஷினோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பேச்சிராஜ் அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பி இறங்கி வந்தவர், ஓடி வந்து மெயினை இறக்கினார். அப்பா கீழே விழுந்தார்.

பேச்சிராஜ் அண்ணன் தென்காசிப் பக்கம். கம்பெனியில் வெல்டிங் லைனில் இருக்கிறார். உள்ளே ஈரம் இறங்கி மிஷின் உடம்பு முழுக்கக் கரண்டு பாய்ந்திருக்கிறது, கூரை மாற்றியபோது கழற்றிய எர்த் வயரும் திரும்ப மாட்டவில்லை என்றார். "அண்ணாச்சி, வைண்டிங் மேல சுத்துன துணியெல்லாம் பொடிஞ்சி போச்சி. இனிமே இத நம்பாதிய" என்று கெஞ்சினார். அப்பா எர்த் வயரை மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்றார்.

அன்றைக்கே என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். இதை எழுதுவதால் அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். பல நாள் யோசித்தேன். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததில்லை. மிஷின் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன்.

இப்போது படிக்க உட்கார்ந்தால் ஷெட்டிலிருந்து ராடு எரியும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் நின்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். ராடு மாற்றத்தான் நிறுத்தியிருப்பார். திரும்பி வந்து உட்காருவேன். மறுபடியும் நிற்கும்.

அப்பாவுக்கும் தெரியும், சித்தப்பா. போன வாரம் பேச்சிராஜ் அண்ணனிடம் சொன்னதைக் கேட்டேன். "எனக்குப் புரியாம இல்லடா. ஆனா அது என்னுது மட்டும் இல்லியே. 'அப்பா கைபட்ட மிஷினு, இருக்கட்டும்ணா'ன்னு தம்பி எப்பப் பேசினாலும் சொல்லிகினு இருக்கான். நெலம் போயிட்ச்சி, பழைய வூடும் போயிட்ச்சி. இத்தயும் வித்துட்டா அவனுக்கு இங்க இன்னா கீது, எதுக்கு வருவான்?" என்றார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆபத்து, விற்றுவிடுங்கள் என்று நீங்கள் சொன்னால், நான் சொல்லிக்கொடுத்தது தெரிந்துவிடும். ஒன்றும் ஆகாது என்று அப்பா உங்களையும் சமாதானப்படுத்திவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. "எனக்கு மிஷின் வேண்டாம், அதில் என் பங்கைக் கொடு" என்று கேளுங்கள். நீங்கள் பங்கு கேட்டால் அப்பா ஒருநாள்கூட வைத்திருக்கமாட்டார். குன்றத்தூர் பழைய இரும்புக் கடையில் காப்பருக்கு நல்ல விலை தருகிறார்கள். தன் பங்கில் அப்பா சின்ன இன்வெர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா உடைந்துபோவார் என்று தெரியும். தம்பி மாறிவிட்டான் என்பார். கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல்கூட இருப்பார். ஸ்பீக்கரில் கேட்கும்போது உங்கள் குரலில் தயக்கம் இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், கோபமாகவே கேளுங்கள். திங்கட்கிழமை ஹாஸ்டல் படிக்கட்டு வேலை ஆரம்பிக்கிறது. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.

நான் பெரியவளானதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் நீங்கள் கொஞ்சம் கெட்டவராக இருங்கள், சித்தப்பா.

என்றும் உங்கள் மேல் மரியாதை குறையாத,
அண்ணன் மகள்
ஐஸ்வர்யா