சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டை

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

காலையில் நீங்கள் தூங்கும்போதே கட்டைப் பிரித்துப் பார்த்தேன். முழங்காலில் உளி பாய்ந்த இடம் காய்ந்து, வீக்கமும் வடிந்துவிட்டது. அப்பாடா! எல்லாம் என் பச்சிலைக் கட்டின் மகிமை என்று பூரித்துக்கொண்டே உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தால், பைக்குள் டாக்டர் சீட்டும் மாத்திரை அட்டையும்!

முதலில் சுருக்கென்றது. அன்று நீங்கள் ஆஸ்பத்திரி என்றதும், "என் கைமருந்து மேல நம்பிக்கை இல்லையா?" என்று நான் ஆடிய ஆட்டத்துக்குப் பயந்துதானே ஒளித்தீர்கள்? உங்களுக்குக் காய்ச்சல் அடித்தபோது நானும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். வீம்பு, வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, போனீர்கள்.

மிச்ச மாத்திரையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனி என் எதிரிலேயே விழுங்கலாம்.

மறந்துவிட்டேன்: கீழ் வீட்டு அக்கா வருவார். காலில் ஆணி குத்திவிட்டதாம், பச்சிலை வேண்டுமாம். நேற்று அவரிடம் நான் அளந்த அளப்பு அப்படி. அந்த டாக்டர் சீட்டைக் காட்டி, அங்கே அனுப்பிவிடுங்கள். என் மானத்தைக் காப்பாற்றியது போதும். அவர் காலைக் காப்பாற்றுங்கள்.