மாமாகிட்ட மட்டும் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, கேட்டுவிட்டேன். இங்கே எப்படி என்பதைப் படித்துத் தெரிந்துகொள்.

போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் வாயைத் திறந்தால் சிட்டு காதில் விழும். "மாமாகிட்ட மட்டும் சொல்லாதே" என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் பஸ் டெப்போ ஓய்வறையில் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் மருமகள் சிட்டுவைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றியது உனக்குத் தெரியும். மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது உங்கள் பள்ளியிலும் உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். இவர்கள் அறை தரைத்தளத்தில், உடைந்த பெஞ்சுகளை அடைத்துவைக்கும் அறைக்குப் பக்கத்தில். "எங்களையும் அங்கதான் போட்டு வெச்சிருக்காங்க" என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கணக்கு வாத்தியார் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஃபெயிலான பிள்ளையிடம் விடைத்தாளைக் கொடுத்து மற்ற வகுப்புகளுக்கெல்லாம் அனுப்புவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று தன் மார்க்கைத் தானே உரக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். ரோஷம் வந்தால் படிப்பு வருமாம்.

நடுவில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. புதிதாக ஒரு வகுப்பாசிரியை வந்தார். வெயில், மழை எதுவானாலும் கையில் குடை இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு அவர் குடை டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு பிள்ளை எழுந்து தனக்குத் தெரிந்த ஒன்றை வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், டீச்சரும் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். சிட்டுவின் பக்கத்தில் உட்காரும் பெண் நல்ல உயரம், நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விரலை மடித்து விசிலடிக்கக் கற்றுக் கொடுத்தாளாம். மொத்த வகுப்பும் ஊதியதில் தலைமையாசிரியர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார்.

சிட்டு எடுத்தது பஸ் ரூட். தவழ்கிற வயதிலிருந்தே என் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வளர்ந்தவள் அல்லவா? ஊர் முழுக்கப் போர்டில் வரைந்து, எங்கே ஏறணும், எங்கே மாறணும் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் தன் வீட்டுக்கு வழி கேட்டாராம். திங்கட்கிழமை அந்த வழியில் வந்து, "இத்தனை நாளா ஊரைச் சுத்திக்கிட்டு வந்திருக்கேன்டி" என்றாராம். அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கை காய்ந்துபோகிறவரை பேசினாள்.

அரையாண்டில் கடைசிப் பிரிவின் மார்க் ஏறவில்லை. விசிலடிக்கவா சம்பளம் என்று கேட்டு, குடை டீச்சரைச் சின்ன வகுப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பீரியடும் கணக்கு வாத்தியாருக்கே போனது.

அடுத்த பரீட்சைத் தாளோடு நெட்டையை அனுப்பினார்கள். அந்தச் சுற்றில் அவள் தம்பி படிக்கும் வகுப்பும் இருந்தது. வாசலில் நின்று மார்க்கைச் சொன்னபோது அந்தப் பையன் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிட்டானாம்.

மறுநாள் அவள் வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று பள்ளியில் அறிவித்தார்கள். காய்ச்சல் இல்லை தம்பி. அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். காரியமெல்லாம் முடிந்தபின் பள்ளிக்கு வந்து, என் பொண்ணு எங்கம்மா உக்காருவா என்று கேட்டிருக்கிறார். சிட்டுதான் இடத்தைக் காட்டினாள். அந்தச் சின்ன பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் சிட்டு அழாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அவ என்னைவிட நல்ல மார்க்கும்மா" என்றாள்.

அன்று ராத்திரியே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். மருந்து டப்பா இப்போது என் டிக்கெட் பையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன். தனியாக விடாதீங்க என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு அனுப்பவில்லை. என் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று ஒரு பெரியவர் ஏறி, கண் ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்கணும் பாப்பா என்று இவளைக் கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பெண். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாதுங்க என்றாள். அந்த நேரத்தில் கூட்டத்தில் எனக்கு விசில் ஊதக்கூட வரவில்லை. டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

குடை டீச்சர் விஷயம் கேள்விப்பட்டு என் பஸ்ஸிலேயே ஏறி, கடைசி ஸ்டாப் வரை வந்தார். "நீ கெட்டிக்காரின்னு சும்மா புகழாதீங்க, அவ கண்டுபிடிச்சிடுவா. அவகிட்ட நிஜமாவே ஆக வேண்டிய ஒரு உதவியைக் கேளுங்க, கேட்டுட்டுப் பொறுமையா இருங்க" என்றார். அவர் கண்ணும் அழுது சிவந்திருந்தது. நெட்டை அவர் பிள்ளையும்தானே.

அதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். லீவு போட்டுவிட்டு வா. வெளியூர் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள், உனக்கு வழி தெரியாது. என்னைக் கேட்காதே. சிட்டுவுக்குப் போன் போட்டு, இறங்கி எந்த பஸ் ஏறணும் என்று கேள். தெரியாது என்பாள். வைத்துவிடாதே. அவள் சொல்கிறவரை லைனிலேயே இரு. மார்க் பேச்சை எடுக்காதே. போன தடவை விளையாட்டாக, மார்க் இருந்தாதான் மாமா, இல்லேன்னா யாரோ என்றாயே, அது அவளுக்கு விளையாட்டாகப் படவில்லை. பேப்பரில் வந்த உன் படத்தை, நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்டியவர் என்று போட்டிருந்தார்களே, அதை ஆசையாகச் சுவரில் ஒட்டியிருந்தாள். இப்போது சுவரில் இல்லை. கிழிக்கவில்லை. மடித்துத் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள், முகம் கீழே பார்க்கிற மாதிரி.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ நல்ல வாத்தியார், எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியாரையும் ஊரில் எல்லாரும் நல்ல வாத்தியார் என்றுதான் சொல்கிறார்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சிட்டு ஓய்வறைக் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்து வகுப்புக்குள் போனதும் ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து எண்ணிக்கொண்டு வா தம்பி. என்றைக்கும் அதில் ஒரு பிள்ளையும் குறையாமல் இருக்கட்டும்.

சீக்கிரம் வா.

உன் அக்கா