கடைசி பெஞ்சில் ஏழு மாதம்

நாளைய திருவிருந்தில் அப்பத்தோடு கொடுக்கும் ரசத்துக்காக அடுப்பில் திராட்சை கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசனை கூடம் வரை வந்துவிட்டது. சென்னை பாடியில் உன் வீட்டுச் சமையலறையில் இதே வாசனையோடு எத்தனை சனிக்கிழமை நின்றிருப்போம்! நீ கரண்டியால் நசுக்குவாய், நான் துணியில் வடிகட்டுவேன். இப்போது இரண்டையும் நான் ஒருத்தியே செய்கிறேன். செய்யச் செய்ய எரிச்சல்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் திருவிருந்து எடுக்கக் கூடாது, கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற நம் சபை வழக்கத்தை நீ ஒருநாளும் மதித்ததில்லை. யார் எந்த ஞாயிறு பின்னால் போகிறாள் என்று சபை முழுவதும் பார்க்கும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்கு வந்து விடுதியில் தங்கும் பெண்களின் காதில் இந்த வழக்கத்தைப் போடுவது, பெண்கள் ஐக்கியச் செயலாளரான என் வேலை. நீ என்னைக் கிண்டல் செய்வாய்.

"இன்னாடி இது, ஏசப்பாவைப் பாக்க காலண்டர் பாத்துகினு போவணுமா? வேதத்துல பன்னெண்டு வருசம் ரத்தம் போன பொம்பள அவரு துணியைத் தொட்டாளே, போய் பின்னாடி குந்துன்னா சொன்னாரு?"

"மெதுவா பேசுடி" என்பேன் நான். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

பிறகு உன் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். உதிரம் நிற்கவே இல்லை. கம்பெனி வேலையை விட்டாய், கோயிலுக்கு வருவதை விடவில்லை. அந்த மாதம் திருவிருந்துக்கு வரிசை எழுந்தபோது நீயும் எழுந்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாரும் பாக்குறாங்கடி. அடுத்த மாசம் எடுத்துக்கலாம், பின்னாடி போய் உக்காரு."

தெருவையே வாயால் அடக்குகிறவள் நீ. அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் பின்னால் போனாய். அடுத்த மாதமும் உதிரம் நிற்கவில்லை, அதற்கடுத்த மாதமும் நிற்கவில்லை. இப்படியே ஏழு மாதம். கடைசியில் நீ படுக்கையில் விழுந்தாய். நோயாளிகளுக்கு வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோகிற பாஸ்டர் உன்னிடம் வெறுங்கையோடு வந்து, ஜெபம் செய்துவிட்டுப் போனார். எட்டாவது மாதம் நீ இல்லை.

அடக்க ஆராதனையில் உன்னைச் சபையின் தூண் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டேன்.

"இப்படி வேதத்துல எங்க பாஸ்டர் எழுதியிருக்கு?"

"எழுதலம்மா. மாத்தினா பெரியவங்க மனசு கஷ்டப்படும், அதான்."

எழுதியிருந்தாலாவது சண்டை போடலாம். எழுதாத ஒன்றுக்கு உன்னைப் பட்டினி போட்டிருக்கிறோம். பெரியவர்களுக்கு இருப்பதுதான் மனசு, உனக்கு இருந்தது என்னவாம்? ஆனால் அவரைத் திட்டி என்ன பயன்? உன் கையைப் பிடித்து இழுத்தது அவர் இல்லையே.

போன மாதம் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எஸ்டேட்டில் வேலை பார்ப்பவள், ஆராதனைக்கு முன் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு இன்னைக்கு ரெண்டாவது நாள். பின்னாடி உக்காந்துக்கட்டுமா?"

"என் பக்கத்துல உக்காரு" என்றேன்.

வரிசை எழுந்தது. அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். "போ" என்றேன். போனாள், முழங்கால் போட்டாள், வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கோயில் இடிந்து விழவில்லை. விஷயம் கமிட்டிக்குப் போயிருக்கிறது, என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும்.

அந்தப் பெண்ணிடம் "போ" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. ஏழு மாதமும் நீ என் முகத்தைப் பார்த்தபடிதான் பின்னால் போனாய். உனக்கு அதை ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை.