அவர் குடிப்பதாகச் சொன்னேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை.

குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துவிட்டு எனக்கு எழுது, போனில் உன் வாயை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். போய்விட்டேன். ஆனால் நீ சந்தோஷப்படும்படி இதில் ஒன்றும் இல்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் அவரிடமே கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? நோயாளிகள் வாய் கொப்பளிக்க வைத்திருக்கும் மருந்தைத்தான் தினமும் காலையில் திருட்டுத்தனமாக ஊற்றி என் வாய் நாற்றத்தை மறைக்கிறேன். கடைசியில் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் பேசினேன். சனிக்கிழமை சாயங்காலம், பாத்திரக் கடைக்கு மேல் மாடி என்றார்கள். முதல் இரண்டு வாரமும் படிக்கட்டு வரை போய்விட்டு, கீழே கடையில் சாமான் வாங்க வந்தவள்போல் ஒரு வாளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேனோடு கீழே காத்திருந்தார். வாளியை வாங்கி வேனில் பின்னால் வைத்தார். இப்போது வீட்டில் ஆட்களைவிட வாளி அதிகம்.

மூன்றாவது வாரம் ஏறினேன். அறை முழுக்க ஆண்கள். வெல்டிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் டீ ஊற்றிக் கொடுத்து, "உக்காரும்மா. வீட்டுக்காரர் வரலையா? பரவால்ல, முதல்ல வீட்டம்மாதான் வருவாங்க. எங்க எல்லார் கதையும் அதேதான்" என்றார். இல்லை அண்ணா, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணா, அவருக்குக் கூச்சம்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. பேசச் சொன்னார்கள், பேசினேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாட்டில் ஒளித்து வைத்தது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மயங்கிக் கிடந்தது, உன் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் விழுந்தது, அத்தனையும் அவர் செய்ததாகச் சொன்னேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா அக்கா? ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோடா குடித்தாலே தும்முகிற மனுஷனைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு, கொடுத்த பிஸ்கட்டையும் தின்றேன்.

அவர் வழக்கம்போல் கீழே வேனோடு நின்றுகொண்டிருந்தார். வெல்டர் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நேராக இறங்கிப் போனார். தோளில் கை போட்டு, "நாங்களும் இப்படித்தான் கீழயே நின்னோம் தம்பி. மேல வாங்க" என்று கூட்டி வந்தார். அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு, "இன்னைக்கு வேணாம்ணே, கேட்டுக்கறேன்" என்றார். பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை.

இறங்கும்போது, கூட்டத்தில் இருந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் வேனில் எழுதியிருந்த பள்ளிக்கூடப் பெயரைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "என் பொண்ணு இந்த வேன்லதான் வருது" என்றார். இவர் முகம் மலர்ந்து, "தெரியும்ணே. ஜன்னலோர சீட்டுக்குத் தினமும் சண்டை போடும்" என்றார். அந்த மனிதர் சிரிக்கவில்லை.

வரும் வழியில், அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "முடிஞ்சா சொல்லு. முடியலைன்னா நானே குடிகாரனா இருந்துட்டுப் போறேன். நீ வந்து உக்காந்தா போதும்" என்றார். நீ அந்த விசேஷத்தன்று எல்லார் முன்னாலும், பெண்டாட்டியைக் கண்டிக்கத் துப்பில்லாத ஆம்பளை என்று சொன்னாயே, அந்த மனிதர்தான் சொன்னார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தக் குழந்தை வேனில் வருவதில்லை. "காய்ச்சலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். அங்கே பேசுவது வெளியே போகக்கூடாதென்று சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெற்றவர் எப்படிச் சும்மா இருப்பார்? நானாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருப்பேன். சொன்னால் அன்றைக்கே இவர் வேலை போய்விடும். பத்து வருஷமாக ஒரு குழந்தைக்கும் ஒரு சிராய்ப்பு படாமல் ஓட்டியவர் அக்கா. இது தெரிந்தும் புதன்கிழமை குடித்தேன். உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. இன்றைக்குக் குடிக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

நாளை சனிக்கிழமை. அந்த லேத் பட்டறைக்காரர் முகத்தைப் பார்த்து, குடிப்பது நான்தான் என்று சொல்லப் போகிறேன். சொல்லிவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என் சத்தியம் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னோடு நீ பேச வேண்டாம். அவருக்கு ஒரு போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் கூசிப்போவார். சாப்பிட்டீங்களா தம்பி என்று மட்டும் கேள். இந்த வீட்டில் அவரிடம் அதைக் கேட்க ஆள் இல்லாமல் ரொம்ப நாளாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன்
தங்கை